மட்டம் பார்ப்பவர்

பிப்ரவரி 9

உங்கள் அப்பாவை நீங்கள் நிறுத்திவிட்டீர்கள்.

திட்டுவதற்காக எழுதவில்லை. நடந்தது அதுதான். வேலைக்குத் திரும்பும் முன் தெருமுனைக் கிளினிக்குக்கு அவரைக் கூட்டிப்போய், படுக்கும் முன் ஒன்று என்று ஒரு மாத்திரை வாங்கிவந்தீர்களே, அது. "இதைப் போட்டா அந்த ஆளுங்க எல்லாம் போயிடுவாங்க" என்று அட்டையை என் கையில் கொடுத்தீர்கள். போய்விட்டார்கள். கூடவே மாமாவும் போய்விட்டார்.

நீங்கள் பார்த்துவிட்டுப் போன மனிதர் நடுங்கிக்கொண்டாவது நடந்தார். எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்து, டீ கேட்டார். இப்போது எப்படிச் சாய்த்துவைக்கிறேனோ அப்படியே இருக்கிறார். கையைத் தூக்கிவிட்டால் தூக்கிய இடத்திலேயே நிற்கிறது. இமைப்பதுகூட அபூர்வமாகிவிட்டது. தண்ணீர் கொடுத்தால் விழுங்க வேண்டும் என்று அவருக்குத் தெரிகிறது, தொண்டைக்குத் தெரியவில்லை. நேற்று குளியலறைக்குக் கூட்டிப்போனேன். வாசற்படிக்கு முன்னால் நின்றார். நின்றவர் நின்றவர்தான். கடைசியில் கீழ்வீட்டுத் தையல்காரரைக் கூப்பிட்டு, நாற்காலியோடு தூக்கினோம். என் முதுகு அங்கேயே விட்டுப்போனது.

அந்த ஆட்களைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்? லீவில் வந்த நாலு நாளில் பார்த்து மிரண்டுவிட்டீர்கள். நடுக்கத்துக்கான மாத்திரையைக் கூட்டினதிலிருந்து அவர்கள் வருகிறார்கள். எனக்கும் முதலில் ஒன்றும் புரியவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தவள் நான், என் புத்தி எங்கே போகும்? பவர் மாறியிருக்கும் என்று நினைத்துப் புதுக் கண்ணாடி செய்துபோட்டேன். மாமா அதைப் போட்டுக்கொண்டு ஆளில்லாத சுவரோரத்தைப் பார்த்தார். "ரொம்ப நல்லதும்மா. இப்பத்தான் முகமெல்லாம் தெளிவாத் தெரியுது" என்றார். கல்யாணத்துக்குப் பிறகு நான் அப்படிச் சிரித்ததில்லை.

அவர்கள் பேய்கள் இல்லை. வாழ்நாள் முழுக்கப் பெரிய ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டியவர் அவர். அதில் ஏறினவர்கள்தான் நம் கூடத்துக்கு வருகிறார்கள். நாலாவது மாடி அம்மா ஃப்ளாஸ்கோடு நிற்பாள். ரெண்டாவது மாடிக் கட்டுக்கால், ஊன்றுகோலை எல்லார் பாதத்திலும் வைத்துவிட்டு மன்னிப்புக் கேட்பவன். துணியில் சுற்றிய குழந்தையைக் கீழே கொண்டுபோகும் ஒரு புது அப்பா, முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் அதைக் காட்டுவானாம். யாருக்கும் பெயர் கிடையாது, மாடிதான். மாமா அவர்களை ஏற்றுவார், இறக்குவார். பிறகு தானும் நடப்பார்.

மாத்திரையை விட்டுவிடலாமா என்று கிளினிக்கில் போய்க் கேட்டேன். "பேஷன்ட் அமைதியா இருக்காரா? அப்புறம் என்னம்மா?" என்றார் டாக்டர், தலையைத் தூக்காமல். பிணமும் அமைதியாகத்தான் இருக்கும்.

போன் செய்யாதீர்கள், எடுக்க மாட்டேன். சுரங்கத்திலிருந்து கூப்பிட்டால் பாதி வார்த்தை விழுந்துபோகிறது, மீதிப் பாதியில் நாம் சண்டை போடுகிறோம். எழுதுங்கள். அங்கே வந்துபோகும் சாமான் வண்டியில் வந்து சேரும்.


பிப்ரவரி 17

'அன்புள்ள' என்று ஆரம்பித்தேன். நீ போடாததால் நானும் அடித்துவிட்டேன்.

நீ எழுதியதை ரெண்டு தடவை படித்தேன். என் பக்கத்தையும் கொஞ்சம் கேள்.

நான் வந்த அன்று அப்பா கூடத்தின் நடுவில் நின்று வெறும் காற்றிடம் "கொஞ்சம் நெருங்கி நில்லுங்க, பின்னாடி ஸ்ட்ரெச்சர் வருது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நீ அடுப்படியிலிருந்து தட்டோடு வந்தாய். அந்த ஸ்ட்ரெச்சருக்கு வழிவிட்டு ஒதுங்கிப் போனாய். சத்தியமாகச் சொல்கிறேன், அவரைப் பார்த்து நான் பயப்படவில்லை. உன்னைப் பார்த்துத்தான் பயந்தேன். வீட்டில் இருப்பது ரெண்டு பேர், ரெண்டு பேருக்கும் ஸ்ட்ரெச்சர் தெரிகிறது என்றால் நான் என்ன செய்யட்டும்?

இங்கே ஆட்களுக்கு அடிபட்டால் பார்க்க ஒரு டாக்டர் இருக்கிறார். அவரிடம் கேட்டேன். ஆளை நடக்கவைக்கிற மருந்து அளவு கூடினால் இல்லாததைக் காட்டும், இல்லாததை மறைக்கிற மருந்து ஆளை விறைக்கவைக்கும், மறதியும் சேர்ந்துகொண்டால் ரெண்டுமே இன்னும் மோசமாகும் என்றார். எனக்குப் புரிந்தது. நான் பம்ப் பார்க்கிறவன். சுரங்கத்தில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கும். இந்தப் பக்கம் இறைத்தால் அந்தப் பக்கம் மண் இளகும். இறைக்காமலும் இருக்க முடியாது. ஒரு வால்வில் ரெண்டு வேலை நடந்தால் எதையாவது ஒன்றை விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

நீயாக எதையும் நிறுத்தாதே. திடீரென்று நிறுத்துவது ஆபத்து என்றும் அவர் சொன்னார். பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய்க் கேள்.

இன்னொன்று. இதைச் சொல்லத் தயங்கித் தயங்கி இத்தனை எழுதிவிட்டேன். ஏரிப் பக்கம் இருக்கிற முதியோர் இல்லத்தில் பேசியிருக்கிறேன். ஆள் சாதுவாக இருந்தால் சேர்த்துக்கொள்வார்கள். கத்துவது, தனியே பேசுவது, எழுந்து நடமாடுவது இருக்கக் கூடாது. மற்றவர்களுக்குத் தொந்தரவாம். நீ கடைக்கு மறுபடி போகலாம். உன் கடிதத்தில் அப்பா மட்டும் இல்லை, உன் முதுகும் இருக்கிறது. அதை நீ ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டாய்.

நான் அப்பாவை நிறுத்திவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். அப்பாவிடமே ஒருநாள் கேட்டிருக்கிறேன், லிஃப்டில் எது கஷ்டம் என்று. "கிளப்பறது எவன் வேணா செய்வான்டா. நிறுத்தறதுதான் வேலை" என்றார்.


மார்ச் 2

ஒதுங்கினேன், ஆமாம். வழிவிடாவிட்டால் மாமா பதறுவார், பதறினால் விழுவார். எனக்கு ஸ்ட்ரெச்சர் தெரியவில்லை, மாமா தெரிந்தார். கண்ணாடிக் கடையில் இதுதான் என் வேலையாக இருந்தது. எனக்கு என்ன தெரிகிறது என்று அங்கே யாரும் கேட்கவில்லை. எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கு என்ன தெரிகிறது என்பதுதான் கணக்கு.

போனோம், பெரிய ஆஸ்பத்திரிக்கு. தையல்காரர் கடையைப் பூட்டிவிட்டுக் கூட வந்தார். அவர் ஒன்றும் மாமா பெற்ற பிள்ளை இல்லை என்பதையும் எழுதிவைக்கிறேன்.

மாமா ஓட்டிய லிஃப்டைக் கழற்றிவிட்டார்கள். அந்த இடத்தில் பளபளவென்று ஒரு பெட்டி. பொத்தானை அமுக்கினால் ஒரு பெண் குரல் மாடியைச் சொல்கிறது. சக்கர நாற்காலியில் இவரை உள்ளே தள்ளினேன். கூட ஏறிய டாக்டர்கள் ரெண்டு பேர் அவர் தலைக்கு மேலே சாப்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். எத்தனை ஆயிரம் தடவை இவர்களை மேலே கொண்டுபோய் விட்டிருப்பார். ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. அடையாளம் தெரிய, முதலில் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

பெட்டி மூன்றாவது மாடியில் நின்றபோது ஒரு குலுக்கல். மாமாவின் புருவம் அசைந்தது. மூன்று வாரத்தில் அந்த முகத்தில் நான் பார்த்த ஒரே அசைவு அதுதான். மட்டம் சரியில்லை, பாருங்கள். பெட்டியின் தரை மாடித் தரைக்கு ஒரு விரல்கடை கீழே நின்றுவிட்டது. அத்தனை மருந்துக்கும் அடியில், அந்த விறைப்புக்கும் அடியில், அவர் அங்கேதான் இருக்கிறார், மட்டம் பார்த்துக்கொண்டு.

எங்களைப் பார்த்தது ஒரு சின்னப் பெண். டாக்டராகி அதிக நாள் ஆகியிருக்காது. மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். "இத யாரு எழுதினது?"

"தெருமுனைக் கிளினிக்ல."

"இவருக்கு நடுக்க நோய் இருக்குன்னு சொன்னீங்களா?"

"கையப் பாத்தாலே தெரியுமே டாக்டர்."

இந்த நோய்க்காரர்களுக்கு அந்த வகை மாத்திரையே ஆகாதாம். உடம்புக்குள் மிச்சமிருக்கிற கொஞ்சத்தையும் அது அடைத்துவிடுமாம். அதை விடச் சொன்னாள். நடுக்கத்துக்கான மாத்திரையில் ஒன்றைச் சிறிது சிறிதாகக் குறைக்க வழி எழுதிக்கொடுத்தாள். அவசியமென்றால் ஆட்களை மட்டும் போகச்செய்கிற வேறொரு மருந்து இருக்கிறதாம், அதற்கு அடிக்கடி ரத்தம் பார்க்க வேண்டுமாம். எழுதிக்கொண்டே போனவள் நிமிர்ந்து கேட்டாள்: "அவங்க இவர பயமுறுத்தறாங்களா?"

இத்தனை மாதத்தில் இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. நீங்கள் கேட்கவில்லை. நானும் கேட்டதில்லை.

"இல்ல டாக்டர். இவர்தான் அவங்களப் பத்திரமா கூட்டிட்டுப் போறாரு."

"அப்ப இருந்துட்டுப் போகட்டும்" என்றாள்.

படத்தில் காட்டினாள். மூளையின் அடித்தண்டில், மையால் கோடு இழுத்ததுபோல ஒரு கறுப்புத் திட்டு இருக்குமாம், எல்லாருக்கும். அந்தக் கறுப்பு வெளுக்க வெளுக்கத்தான் இந்த நோய் முற்றுமாம். ஒரு தீற்று மை! எழுந்து நிற்பது, நடப்பது, சட்டைப் பொத்தான் போடுவது, சிரிப்பு முகத்துக்கு வருவது எல்லாம் அந்த மையைத் தொட்டுத்தான் எழுதப்படுகிறது. மாமாவுக்கு அது வற்றிக்கொண்டிருக்கிறது. நாம் வெளியிலிருந்து மாத்திரையாக ஊற்றுகிறோம். ஊற்றியது கொஞ்சம் சிந்திவிடுகிறது, சிந்திய இடத்தில் ஃப்ளாஸ்கோடு ஒரு அம்மா நிற்கிறாள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் என் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன். கம்பியைப் பிடி என்றால் பிடிக்கிறது. விடு என்றால் விடுகிறது. இத்தனை நாளாக இதை நான் ஒரு பெரிய விஷயமாகவே நினைத்ததில்லை.


மார்ச் 12

அந்த மாத்திரையை விட்டது நல்லது. கிளினிக்குக்காரனைப் பற்றி நான் எதுவும் எழுதப்போவதில்லை. எழுதினால் அசிங்கமாகத்தான் வரும்.

புருவம் அசைந்ததாக எழுதியிருந்தாயே, அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் இன்று வேலைக்கு இறங்கினேன். இங்கே ஷாஃப்டில், சுரங்கத்துக்குள் போகிற செங்குத்துக் குழியில், எங்களைக் கூண்டில் இறக்குகிறார்கள். ஓட்டுகிறவர் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை. கேட்க என்ன இருக்கிறது, கீழே ஒரே இடம்தான். நானும் இதுவரை அவர் முகத்தைப் பார்த்ததில்லை. இன்று பார்த்தேன். மீசை வைத்திருக்கிறார்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஸ்ட்ரெச்சர், நீ ஒதுங்கியது எல்லாம் நிஜம்தான். ஆனால் கிளினிக்குக்குப் போனது அதனால் அல்ல. சுரங்கத்துக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் பையைக் கட்டிக்கொண்டு வாசல் பக்கம் வந்தேன். அப்பா கதவருகே நின்றிருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "எந்த மாடி சார்?" என்றார்.

தெரிந்தவர்களிடம் அவர் மாடி கேட்க மாட்டார். பள்ளிக்கூடம் விட்டு நான் அந்த லிஃப்டுக்குப் போகும்போதெல்லாம், ஏறினதும் என்னைத் தன் ஓரமாக இழுத்து நிறுத்திக்கொள்வார், அவ்வளவுதான். கேள்வி கிடையாது. நாலாவது மாடிக்கும் ரெண்டாவது மாடிக்கும் அவரிடம் இடம் இருக்கிறது. நான் வெறும் 'சார்'.

இல்லத்திலிருந்து மறுபடி பேசினார்கள். ஒரு இடம் காலியாகியிருக்கிறது, இந்த மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும். ஆட்கள் திரும்பி வராமல் இருக்கப் பாதி மாத்திரையாவது கொடுத்தால் சமாளித்துக்கொள்வோம் என்கிறார் மேனேஜர். அந்தச் சின்ன டாக்டரிடம் பாதியைப் பற்றிக் கேட்டுப் பார். அப்பா நடக்க ஆரம்பித்தால் அந்த ஆட்களும் வந்துவிடுவார்கள். அவர்கள் இருக்கிற வீட்டுக்கு என்னால் வர முடியாது. கோழை என்று நினைத்துக்கொள்.


மார்ச் 24

நீங்கள், உங்கள் என்று எழுதி எழுதிக் கை வலிக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால் உன்னை 'நீ' என்றுதான் கூப்பிட்டேன். அப்பா முன்னால் கொஞ்சம் மரியாதையாக இரு என்று நீதான் மாற்றச் சொன்னாய். மாமாவுக்கு இப்போது அது தெரியாது. அதனால் நீயே போதும்.

பாதி கிடையாது. டாக்டரிடம் கேட்டேன். "பாதி விஷம் குடுக்கலாமான்னு கேக்கறீங்களா?" என்றாள். நானாகப் பதில் சொல்வதாக இருந்தால் இன்னும் நன்றாகத் திட்டியிருப்பேன். ஒரு ஆளைச் சேர்த்துக்கொள்ள அவர் ஆளாக இருக்கக் கூடாது என்று நிபந்தனை போடுகிற இடத்துக்குப் பெயர் இல்லமாம்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன்.

விறைப்பு மெதுவாகத்தான் இறங்கியது. முதலில் இமை. பிறகு விழுங்குவது. பிறகு ஒருநாள் காலையில், நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன், மாமா தன் கட்டிலிலிருந்து தானே எழுந்து அறை வாசலுக்கு வந்து நின்றுவிட்டார். பழையபடி சிக்கிக்கொண்டார் என்று ஓடினேன். பிடிக்கப் போன கையை ஏனோ இழுத்துக்கொண்டேன். பாதத்தைப் பார்த்தேன்.

பாதங்கள் சும்மா நிற்கவில்லை. நடுங்கியபடி, நூல் நூலாக முன்னால் போயின. கொஞ்சம் பின்னால் வந்தன. மறுபடி முன்னால். வலது கை இடுப்புயரத்தில் எதையோ பிடித்துக்கொண்டு அதே நூலளவு முன்னும் பின்னும் அசைந்தது. பழைய லிஃப்டுக்குப் பிடி இருந்தது என்று நீதான் சொல்லியிருக்கிறாய். பொத்தானில் தானாக நிற்காது, கையால்தான் தரைக்குச் சரியாகக் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் ஸ்ட்ரெச்சர் சக்கரம் தட்டி, வயிறு தைத்தவர்களெல்லாம் அலறிவிடுவார்கள் என்று. அவர் சிக்கவே இல்லை. மட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை மாதமாக ஒவ்வொரு வாசலிலும் நான் பின்னாலிருந்து தள்ளியது தன் வேலையில் மூழ்கியிருந்த ஒரு மனிதரை.

"மட்டம் ஆச்சா மாமா?" என்றேன்.

"ம்" என்றார். "இறங்குங்க. அம்மா, ஃப்ளாஸ்க்க மறந்துடாதீங்க. தம்பி, கட்டு பத்திரம்." கண்கள் ஒவ்வொருவராக வழியனுப்பின. ஓட்டுகிறவர் கடைசியில்தான் இறங்க வேண்டும், இல்லையா? எல்லாரும் இறங்கிய பிறகு, அந்தக் கால், மூன்று பேர் சேர்ந்து தள்ளினாலும் நகராத அந்தக் கால், லேசாக எழுந்து வாசற்படியைத் தாண்டி வைத்தது. நான் துணியைக் கீழே போட்டுவிட்டேன். நோய் காலைக் கட்டிப்போட்டது. மருந்து ஆட்களைக் கொண்டுவந்தது. அந்த ஆட்களையே வைத்துக் காலை அவிழ்த்துக்கொள்ள அவருக்குத் தெரிந்திருக்கிறது. யார் சொல்லிக்கொடுத்தது? மறதியில் பாதி அழிந்துபோன அந்தத் தலைக்குள் இந்த ஏற்பாட்டைச் செய்தது யார்?

டாக்டரிடம் சொன்னேன். எல்லாருக்கும் இப்படி ஆகாது, நாளைக்கே மாறலாம், அவர் என்றைக்குப் பயப்படுகிறாரோ அன்றைக்கு உடனே வாங்க என்றாள். சரி என்றேன். இன்றைக்கு நடந்தார், அதுவே எனக்குத் தாங்கவில்லை.

ஒன்றுதான் ஆத்திரம். கால் வலிக்குமே என்று சின்ன ஸ்டூல் ஒன்றை அவர் பின்னால் வைத்தேன். குனிந்து பார்த்துவிட்டு என் காதருகே வந்தார். "எடுத்துடும்மா. உக்காந்தா ரிப்போர்ட் எழுதிடுவாங்க." வாழ்நாள் முழுக்க நிற்கவைத்திருக்கிறார்கள். அத்தனை பெரிய கட்டடத்தில் ஒரு ஸ்டூல் கிடைக்கவில்லை. அந்தப் பாவிகள் ஓய்வு பெற்றுப் போய்ச் சேர்ந்தும் அவர் இன்னும் நிற்கிறார். "ரூல் மாறிடுச்சு மாமா" என்றேன். "எழுத்துல வந்துச்சா?" என்றார். ஒரு தாளில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, சுவரில் ஒட்டினேன். படித்துப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

நீ சொன்ன 'சார்' விஷயம். உன்னை அவருக்குத் தெரியவில்லை. அது உண்மை. பொய் சொல்லித் தேற்ற மாட்டேன். ஆனால் யாரோ ஒருவன் பையோடு வந்து நிற்கிறான், அவன் போக வேண்டிய இடத்துக்குப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கத்தானே கேட்டார்? உனக்குத் தெரிந்த மனிதர்களில் எத்தனை பேர் உன்னிடம் அதைக் கேட்டிருக்கிறார்கள்? நீ என்ன பதில் சொன்னாய் என்று எழுதவில்லை. சொல்லவே இல்லை என்று நினைக்கிறேன்.


ஏப்ரல் 15

சாமான் வண்டி ரெண்டு தடவை வந்துபோய்விட்டது. உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை.

இல்லத்துக்காரர்கள் அந்த இடத்தை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். வேறொன்று காலியாகப் போகிறதாம், உன்னிடம் பேசிக்கொள்வதாக மேனேஜர் சொன்னார். பேசினாரா? என்ன சொன்னாய்?

மாமா நடக்கிறார். ஆனால் நாலைந்து நாளாக ஒரு புதுப் பழக்கம். எல்லாரும் இறங்கிப் போய்விடுகிறார்கள், மட்டமும் சரியாக இருக்கிறது, ஆனாலும் அவர் வாசலைத் தாண்டுவதில்லை. இடது கையை நீட்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கால் உதறுகிறது. ஸ்டூலைக் காட்டினால் தலையாட்டி மறுக்கிறார். "யாருக்கு மாமா பிடிச்சுட்டு நிக்கறீங்க?" என்று கேட்டேன்.

"ஒரு சார் பையோட நின்னாரு. மாடி கேட்டேன், சொல்லல. ஏறுவாரு போல."

"அவர் போய்ட்டாரு மாமா."

"எப்படிம்மா போவாரு? கதவு நம்ம கையில இருக்கு."

அவரை அங்கிருந்து நகர்த்த எனக்கு வழி தெரியவில்லை. நான் மாடி சொல்லிப் பார்த்தேன், தையல்காரர் சொல்லிப் பார்த்தார். "நீங்க இல்ல" என்கிறார். நேரில் வர வேண்டாம், ஆட்களோடு இருக்க வேண்டாம், என்னை மன்னிக்கவும் வேண்டாம். ஒரு துண்டுத் தாள் போதும். எழுத்தில் வந்தால் அவர் நம்புவார்.

எந்த மாடி, சொல்.